மிதக்கும் இரும்பின் எடை

நூர்ஜஹானுடைய தராசில் வாய்க்குள் போகிற பொருளைத் தவிர வேறெதுவும் ஏறக் கூடாது. அரிசி ஏறலாம், சீனி ஏறலாம், உப்பு, கருவாடு, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் தாராளமாக ஏறலாம். ஆணி ஏறக் கூடாது. சோப்பு ஏறவே கூடாது. காலையில் கடை திறந்ததும் பிஸ்மி சொல்லி இரண்டு பித்தளைத் தட்டுகளையும் துணியால் துடைப்பாள். முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் வரிசையில் முதலில் நிற்பவரின் பங்கீட்டுக் கார்டை வாங்குவாள். ஒரு தடவை அவள் கணவன் ரஹீம், பழைய ரேடியோவில் கழற்றிய செம்புக் கம்பிச் சுருளை அவள் இல்லாத சமயம் பார்த்து அதில் நிறுத்தான். பாதி நிறுவையில் பிடிபட்டான்.

"வயித்துக்குப் போறத நிறுக்குற தட்டுங்க இது. கண்டதையும் வச்சா அல்லா குடுக்குற பரக்கத்து போயிரும்" என்றவள், அன்று முழுவதும் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரஹீம் சோம்பேறி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ஜாலான் துக்காங் எமாஸில் விநாயகர் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். மணியோசையும் பாங்கோசையும் கேட்டுக்கொண்டே மலாக்காவில் பாதிப் பேரின் ரேடியோவைப் பேச வைத்தவன். ஜப்பான்காரன் வந்தான், ரேடியோக்களுக்கெல்லாம் முத்திரை வைத்தான், தூர தேசத்துச் செய்தி கேட்டால் தலை போகும் என்றான். அதற்குப் பிறகு ரேடியோவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? ரஹீம் கடையைச் சாத்திவிட்டு, சாமான்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு, காஜா பெராங்கில் மனைவி நடத்திவந்த மளிகைக் கடையின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அந்த மளிகைக் கடைக்கு இப்போது பங்கீட்டு அரிசி போடும் உத்தரவு கிடைத்திருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் வந்து நின்றது. மாட்டு வண்டியில் மூட்டை வந்தால் இறக்குவது நூர்ஜஹான். அவிழ்ப்பது, சலிப்பது, நிறுப்பது, பேச்சு வாங்குவது, பேச்சு கொடுப்பது எல்லாம் நூர்ஜஹான். வண்டிக்காரன் மூட்டையை ஒரு பக்கம் பிடிப்பான், மறுபக்கம் இவள் பிடிப்பாள். ரஹீம் பின்கட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். யோசனையும் ஒரு வேலைதான். ஆனால் அதைச் செய்கிறவன் வேலை செய்கிறான் என்பது அவன் சொல்லாமல் அடுத்தவருக்குத் தெரியாது.

அவன் யோசித்ததெல்லாம் ஒரு பெட்டியைப் பற்றி. சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு ஆங்கில மின்சாரக் கம்பெனியின் ஆள், கடை முகப்பில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. கைக்கு அடக்கமான மரச் சட்டம். அடியில் புது மாதிரி எஃகில் செய்த ஒரு காந்தக் கட்டை. அதற்கு மேலே ஒரு விரல் நுழைகிற இடைவெளி விட்டு இன்னொரு காந்தக் கட்டை, அந்தரத்தில். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் கண்ணாடிக் குச்சிகள். மற்றபடி மேலே கயிறு இல்லை, கீழே முட்டு இல்லை. விரலால் அமுக்கினால் கீழே போகும், விட்டால் துள்ளிக்கொண்டு மேலே வந்து நிற்கும். கொடுத்த ஆள் கப்பலேறிப் போய்விட்டான், கம்பெனியும் போய்விட்டது, இரும்பு மட்டும் கீழே விழாமல் நின்றுகொண்டிருந்தது.

காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது ரஹீமுக்குத் தெரியாதது அல்ல. அவன் மனசு அதற்கு அடுத்த படியில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாப் பொருளையும் பூமி இழுக்கிறது, அதனால்தான் பழம் கீழே விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சரி. இது விழவில்லையே? பூமியின் இழுப்பு இதனிடம் வந்து சேரவில்லை, நடுவில் எங்கோ அறுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இழுப்பு இல்லாத பொருளுக்கு எடை ஏது? நானூறு பக்கப் புத்தகம் எழுதியவர்களுக்கெல்லாம் காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடைப் பின்கட்டிலிருந்து பதில் போகப் போகிறது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. சண்டை முடிந்ததும் லண்டனுக்கு எழுத வேண்டும். லண்டன் அதுவரை இருந்தால்.

"நூரு, இதையே பெருசாச் செஞ்சா என்ன ஆகும் தெரியுமா?" என்றான் ஒரு மத்தியானம். "அரிசி மூட்டைய அப்படியே அந்தரத்துல நிறுத்திரலாம். ஒரு விரலால தள்ளிக்கிட்டுப் போகலாம். உனக்கு இடுப்பு வலியே இருக்காது."

நூர்ஜஹான் அப்போது இடுப்பில் சூடு காட்டிய துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எப்ப செய்வீங்க?"

"இப்பதான யோசிச்சிருக்கேன்."

"சரி. செஞ்சதும் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் நம்புகிறாள் என்று ரஹீம் சந்தோஷப்பட்டான். அவனுக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம். மூட்டையை மிதக்கவைக்க நினைத்ததே அவளுக்காகத்தான்.

பின்கட்டில் வைத்திருந்தவரை பெட்டியால் ஒரு தொந்தரவும் இல்லை. வரிசையில் காத்து நிற்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று ரஹீம் அதைக் கொண்டுவந்து கடைப் பலகையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். சும்மா வைத்திருந்தாலாவது பரவாயில்லை. கூடவே நின்று பேசவும் செய்தான்.

"பாத்துக்குங்க, இந்த இரும்புக்கு எடையே கிடையாது. பூமியோட இழுப்ப வெட்டிவிட்டுருச்சு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னான். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். கையை விட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சிரிப்பதற்கு அதிகம் கிடையாது, ஆகவே எல்லோரும் சிரித்தார்கள். நூர்ஜஹானும் அரிசி அளந்துகொண்டே சிரித்தாள். ரஹீமுக்குத் தன் பழைய கடை திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

அரிசிக் கடையில், தராசுக்குப் பக்கத்தில், எடையைக் காணாமல் செய்கிற பொருள் ஒன்று இருக்கிறது என்று அரிசி வாங்க வந்தவர்களிடம் வாயாரச் சொல்கிறோமே என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

அடுத்த பங்கீட்டில் சந்திரமதி வந்து நின்றாள். கம்போங் செட்டியைச் சேர்ந்தவள், கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். தலைமுறைகளுக்கு முன்னால் மலாக்காவில் குடியேறிய செட்டிக்காரர்கள் எல்லோரையும் போல அவளுக்கும் மலாய்தான் பேச்சு. சாமி பெயரும் சில உறவுப் பெயர்களும் மட்டும் தமிழில் வரும். அவர்கள் வீட்டில் அரிசியைச் சிரட்டையில் அளந்துதான் உலையில் போடுவார்கள். அந்த அளவைக்குச் சுப்பாக் என்று பெயர். போன தடவை வாங்கிய அரிசி எத்தனை சுப்பாக் வந்ததோ அத்தனை இந்தத் தடவை வரவில்லை. கேபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிரட்டையையும் அரிசிப் பையையும் பலகை மேல் வைத்து, மலாயில் கேட்டாள்.

"நூர்ஜஹான், என் அரிசியில் கொஞ்சத்தை உன் வீட்டுக்காரர் பெட்டி தின்றுவிட்டதா?"

"அக்கா, இந்தத் தடவை வந்தது குருணை. அடைஞ்சு உக்காந்துக்கும். சிரட்டையில கம்மியாத்தான் தெரியும், எடை சரியாத்தான் இருக்கும்" என்று நூர்ஜஹானும் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தாள். உண்மையும் அதுதான். ஆனால் உடைந்த அரிசியைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை? கண்ணெதிரே இரும்பு மிதந்துகொண்டிருந்தது. வரிசை முழுவதும் அதைப் பார்த்தது. பிறகு தராசைப் பார்த்தது. அவரவர் பையை அவரவர் தூக்கிப் பார்த்தார்கள். எல்லோருடைய பையும் இலேசாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் மருதமுத்து வந்துவிட்டார். தெருக் காவலுக்குத் தலைவர் என்று ஜப்பான்காரர்கள் கையில் துணிப் பட்டையைக் கட்டிவிட்டிருந்த மனிதர். அந்தப் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. தெருவில் நடந்ததை மேலே சொல்லாமல் விட்டால் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், அதனால் எப்போதும் பாதி பயந்த முகத்தோடு இருப்பார்.

"தம்பி, பதினோரு வீட்டுக்காரங்க வந்து சொல்லிட்டாங்க. நான் இன்னும் ஆபீஸ்ல சொல்லல" என்றார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஜனங்க சமாதானமாகலன்னா சொல்லித்தான் ஆகணும். உத்தரவு போயிரும். உத்தரவோட போனா அல்லாவுக்கு நன்றி சொல்லிக்குங்க. எடையில கைவச்சவன்னு கூட்டிட்டுப் போனவங்க எப்படித் திரும்பி வந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போன பிறகு இருவரும் கடைப் பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டாய்ச் சொன்ன ஒரு வார்த்தை அவளுடைய கடையின் கழுத்தில் கைவைத்துவிட்டதே என்று ரஹீம் திரும்பத் திரும்ப நினைத்தான்.

"பெட்டிய ஒளிச்சு வச்சிரட்டுமா?"

"ஒளிச்சு வச்சா திருடிட்டு ஒளிச்சு வச்சாங்கம்பாங்க" என்றாள் நூர்ஜஹான். பிறகு பெட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. இதுக்கு எடை இல்லையா?"

"எனக்கு அப்படித்தான் தோணுது."

"நிறுத்துப் பாத்தீங்களா?"

"நீதான் தராசத் தொடக் கூடாதுன்னுட்டியே."

சொன்ன மாத்திரத்தில் அது முழு உண்மை இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. கம்பிச் சுருளைத் திருட்டுத்தனமாக நிறுத்தவனுக்கு இதை நிறுக்க வழியா தெரியாது? பயம்தான். நிறுத்துப் பார்த்து முள் வேறு மாதிரி சொல்லிவிட்டால் லண்டனுக்கு எழுத ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வருஷமாக அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி அது.

நூர்ஜஹான் பெட்டியைத் தராசுப் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நாளைக்கு நிறுத்துருவோம். எல்லாரு முன்னாலயும்."

"உன் தட்டுலயா?"

"என் தட்டுலதான். வேற யாரு தட்டு இருக்கு?"

"நூரு, எடை குறைஞ்சு காட்டிட்டா?"

"காட்டுனா கடைய மூடிருவோம். இந்தப் பெட்டி எடைய எடுத்துருதுன்னா அந்த ஜனங்க சொன்னது சரிதான? அவங்க சோத்துல கைவச்சிட்டு நான் எப்படி உக்காந்து நிறுக்கறது?"

அவளுக்கும் விடை தெரியாது என்பது ரஹீமுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாமலேதான் தராசைக் கொடுக்கிறாள்.

மறுநாள் பங்கீடு இல்லாத நாளாக இருந்தும், நூர்ஜஹான் இரவே சொல்லியனுப்பியதால் காலையில் கடை முன்னால் கூட்டம். ஜப்பான்காரன் கடிகாரங்களைத் திருப்பி வைக்கச் சொன்ன தோக்கியோ நேரப்படி எட்டரை என்றார்கள். சூரியனுக்கு அது தெரியாததால் இப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மருதமுத்து கைப்பட்டையோடு வந்து ஓரமாக நின்றார். சந்திரமதி முன்வரிசையில் சிரட்டையோடு நின்றாள். நூர்ஜஹான் வழக்கம் போலப் பிஸ்மி சொல்லித் தட்டுகளைத் துடைத்தாள். முள் நேராக நின்றதை எல்லோருக்கும் காட்டினாள்.

முதலில் அரிசியை நிறுத்தாள், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முள் நேராக நின்றது. அப்படியே விட்டுவிட்டு மருதமுத்துவிடம் பெட்டியைக் கொடுத்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னாள். அவர் வெடிகுண்டைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார். முள் அசையவில்லை. மறுபடியும் கொண்டுவரச் சொன்னாள். அப்போதும் அசையவில்லை.

கூட்டத்தில் பாதிப் பேர் முகம் தெளிந்தது. சந்திரமதி மட்டும் தலையை ஆட்டினாள்.

"அரிசி சரி. ஆனால் அந்த இரும்புக்கு எடை இல்லை என்று உன் வீட்டுக்காரர்தானே சொன்னார்? தன் எடையையே தொலைக்கத் தெரிந்தது, இன்னொன்றின் எடையைத் தொலைக்காது என்று எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. ரஹீமே அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பான்.

நூர்ஜஹான் தட்டிலிருந்த அரிசியை வழித்துப் பையில் போட்டாள். ஒரு நிமிஷம் வெறும் தட்டைப் பார்த்தாள். பிறகு, வாய்க்குள் போகாத எதையும் அவள் ஏற்றியிராத அந்தத் தட்டில் பெட்டியை எடுத்து வைத்தாள். மிதந்த கட்டையை மட்டும் உருவி ரஹீமின் கையில் கொடுத்தாள். மிச்சத்துக்கு மறுதட்டில் எடைக்கல் வைத்தாள். குறைந்த இடத்துக்கு ஒரு கை உப்பு போட்டாள். முள் நேராக வந்து நின்றது.

"இப்ப அதைப் பழையபடி மிதக்க விடுங்க. தட்டத் தொடாதீங்க" என்றாள்.

ரஹீம் கட்டையைக் கண்ணாடிக் குச்சிகளுக்கு நடுவே கொண்டுபோனான். இறக்கும்போதே கீழே இருந்தது இதைத் தள்ளுவது விரலுக்குத் தெரிந்தது. எடை இல்லாவிட்டால் தட்டு அசையாது, கடை போகும். எடை இருந்தால் தட்டு இறங்கும், அவனுடைய லண்டன் போகும். ஒரு கணம், வெட்கக்கேடு, அசையாமலே இருந்தால் என்ன என்று அவன் மனசின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை அவன் பிடித்து வெளியே தள்ளினான். யா அல்லா, இறங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு விரலை எடுத்தான்.

இரும்பு அந்தரத்தில் நின்றது. தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

நூர்ஜஹான் மறுதட்டில் இன்னும் உப்பைச் சேர்த்து முள்ளை நேராக்கினாள். பிறகு மிதந்த கட்டையை உருவித் தட்டிலேயே, பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். முள் நேராகவே நின்றது. திரும்ப மிதக்கவிட்டாள். அப்போதும் நேர். படுத்திருந்தாலும் மிதந்தாலும் அந்த இரும்புக்கு ஒரே எடை.

சந்திரமதி அப்படி லேசில் விடுகிறவள் இல்லை. முன்னால் வந்து, தன் பங்கீட்டுக் கார்டை இரண்டு கட்டைகளுக்கும் இடையில் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் உருவிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது ரஹீம்தான். சொன்ன குரலில் சந்தோஷம் நிறைய இருந்தது, துக்கம் கொஞ்சமாய் இருந்தது. ஒரு வருஷத்துக் கனவு போனது. ஆனால் உலகம் பழையபடியே ஒழுங்காக இருக்கிறது, பழம் விழும், அரிசி நிற்கும், நூர்ஜஹான் கடையில் இருப்பாள் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்படியென்றால் இது எதையும் தொடவில்லை. ஆனால் எடை மட்டும் தட்டுக்கு வந்துவிட்டது" என்றாள் சந்திரமதி. "இதன் பாரத்தைத் தாங்குவது யார்?"

ரஹீம் குனிந்து பெட்டியைப் பார்த்தான். அது எப்போதோ அவன் பார்த்திருக்க வேண்டிய இடம். மேலே மிதப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவன் அடியில் கிடந்ததைப் பார்த்ததில்லை.

"கீழ இருக்கிறதுதான்" என்றான், முதலில் தமிழிலும் பிறகு மலாயிலும். "பூமி மேல உள்ளத இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. அந்த இழுப்பு அறுந்து போகல. கீழ இருக்கிறது அதை விழாம மேல தள்ளிக்கிட்டே இருக்கு. மேல உள்ளது சொகுசா நிக்குது. அதோட பாரம் மொத்தமும் கீழ உள்ளதோட தலையில."

சந்திரமதி அவனைப் பார்த்தாள். பிறகு, தட்டுக்குப் பின்னால் இடுப்பில் துணி கட்டி நின்ற நூர்ஜஹானைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். மருதமுத்துவுக்கு எதற்கென்று தெரியவில்லை, இருந்தாலும் ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சியில் அவரும் சேர்ந்து சிரித்தார். நூர்ஜஹான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள், அது நடக்கவில்லை.

ரஹீமின் காது வரைக்கும் சூடேறியது. ஆனால் கோபம் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. சந்திரமதி போகிற போக்கில், குருணையைக் கஞ்சிக்கு வைத்தால் நன்றாயிருக்கும் என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். நூர்ஜஹான் தட்டைத் துடைத்தாள். அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போன ரஹீமைக் கூப்பிட்டாள்.

"எங்க கொண்டு போறீங்க? இங்கயே இருக்கட்டும். நிக்கிறவங்களுக்குப் பொழுது போகும். நீங்க மட்டும் பக்கத்துல நின்னு பேசாதீங்க."

அடுத்த வாரம் மாட்டு வண்டி வந்து நின்றபோது ரஹீம் பின்கட்டில் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் நின்றான். வண்டிக்காரன் ஒரு பக்கம் பிடித்தான், ரஹீம் மறுபக்கம் போனான். மூட்டை உண்மையாகவே கனத்தது. பூமி இவ்வளவு பலமாக இழுக்கும் என்பதைப் படித்திருந்தான், தோளில் தெரிந்துகொண்டது அன்றுதான். கால் தடுமாறியபோது நூர்ஜஹான் பழக்கத்தில் ஓடிவந்து அடியில் கையைக் கொடுத்தாள்.

"விடு நூரு. நான் பிடிச்சிருக்கேன்."

அவள் உடனே விடவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். மூட்டை உள்ளே போய்ச் சேர்ந்த பிறகும், பாரம் இல்லாத அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.